அடுப்புக்கு வந்த வக்கீலம்மா

வெளியில் போட்டு வந்த ஷூவை வாசலில் கழற்றுகிறார் வக்கீலம்மா. பையிலிருந்து கனத்த ரப்பர் செருப்பை எடுத்து மாட்டிக்கொள்கிறார். பிறகு கைக்கடிகாரம், அதற்குப் பிறகு மோதிரம். இரண்டையும் இடது ஷூவுக்குள் போடுகிறார். “மேச மேல வச்சா மறந்துருவேன். ஷூவ மறந்துட்டு யாரும் வீட்டுக்குப் போனதில்லையே!”

வயது நாற்பத்தொன்பது. மின்சார வேலைக்கு வந்து இருபத்தாறு ஆண்டுகள். எங்கள் குடியிருப்பின் அறுபத்து நான்கு வீடுகளிலும் அவருக்கு வக்கீலம்மா என்று பெயர். கருவிப்பெட்டியைத் திறக்கும் முன் அரைமணி நேரமாவது குறுக்கு விசாரணை நடக்கும். எப்போது நின்றது, அப்போது வேறென்ன ஓடியது, யார் போட்டது, எந்தக் கையால்? “இஸ்திரிப் பெட்டி சூடாகலன்னு கூப்பிட்டேன். என் கல்யாணத் தேதிய மட்டுந்தான் கேக்கல” என்று எதிர்வீட்டுக்காரர் இன்றும் குறைப்படுவார். பெட்டியில் கோளாறே இல்லை, சுவரில் சுவிட்சைப் போட மறந்திருந்தார் என்பதை மட்டும் சொல்லமாட்டார்.

கேள்வி முடிந்தால் மூக்கு. சுவிட்ச் பலகை ஒவ்வொன்றையும் முகர்ந்து பார்ப்பார். மோட்டாருக்குக் கம்பி சுற்றும் தொழிற்சாலையில் பதினோரு ஆண்டுகள் இருந்ததில் வந்த பழக்கம். கருகல் வாசனையில் மூன்று வகை உண்டாம். கழற்றிய திருகாணிகளை வெள்ளைத் துணியில் கடிகார முள் சுற்றும் வரிசையில் அடுக்குவார். பன்னிரண்டுக்கு மேல் இருந்தால் இரண்டாவது துணி வரும்.

எங்கள் வீட்டுக்கு அவர் நான்கு முறை வந்தார். காரணம் நான்கு தட்டு மின்சார அடுப்பு. நாற்பத்திரண்டு நாளில் ஏழு முறை, காலையில் முதல் தட்டைப் போட்டதும் பிரேக்கர் விழுந்து வீடே இருண்டது. மத்தியானத்துக்குள் தானே சரியாகிவிடும். வக்கீலம்மா வரும்போது அடுப்பு சமர்த்தாக எரியும். “என்னப் பாத்தா மட்டும் நல்லவன் மாதிரி நடிக்கிறான்யா” என்பார். ஏழு முறையும் விழ வைத்தது முன் வலது தட்டு. அதன் கம்பிச்சுருளை இரண்டு முறை கழற்றி அளந்தார். குற்றமில்லை.

இன்னும் பெரிய பிரேக்கராகப் போட்டால் என்ன என்று நான் கேட்டேன். அவர் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார். “காவக்காரன் முழிச்சுக்கிட்டு கத்துறான். சத்தம் பிடிக்கலன்னு, தூங்குற காவக்காரனா பாத்து வைக்கச் சொல்றீங்களா?” அதற்குப் பிறகு நான் யோசனை சொல்லவில்லை.

அடுப்பை மாற்றிவிடலாம் என்று எங்கள் மகள் முடிவு செய்திருந்தாள். கண்ணாடி மேல்தளம் கொண்ட புதிய அடுப்பு சனிக்கிழமை வருவதாக ஏற்பாடு. அதில் குமிழ் கிடையாது, விரலால் தொட வேண்டும். என் மனைவிக்கு மூன்று ஆண்டுகளாக நடுப்பார்வை இல்லை. ஓரத்தில் நிழலாக மட்டும் தெரியும். பழைய அடுப்பின் குமிழ் ஒவ்வொன்றும் திருகும்போது ஆறு முறை ‘டிக்’ என்னும். இரண்டு டிக் என்றால் இளஞ்சூடு, ஐந்து என்றால் கொதி. அந்த எண்ணிக்கையில்தான் அவள் இன்னும் தன் கையால் சமைக்கிறாள். வழுவழுக் கண்ணாடி வந்துவிட்டால் சமையலறையில் அவளுக்கு நாற்காலி மட்டுமே மிஞ்சும்.

நான்காம் முறை வந்தது வியாழக்கிழமை. “வாம்மா வக்கீலம்மா, இன்னைக்காவது தீர்ப்பச் சொல்லு. சனிக்கிழம எனக்குத் தூக்கு” என்றாள் என் மனைவி.

“அப்பீல் இருக்கும்மா, பயப்படாதீங்க.”

பிரேக்கர் விழுந்த நாள், மணி, நிமிடம், எரிந்த தட்டு எல்லாவற்றையும் நான் சிவப்பு அட்டை நோட்டில் எழுதி வைத்திருந்தேன். அதைக் கேட்டு வாங்கினார். அதுவரை நாங்கள் எல்லோரும் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் தேதிகளை விரல்விட்டு எண்ணினார். நாலு, பத்து, பதினாறு, இருபத்தெட்டு, அடுத்த மாதம் மூன்று, ஒன்பது, பதினைந்து.

“ஐயா, இந்த வீட்ல ஆறு நாளைக்கு ஒரு தடவ என்ன நடக்குது?”

என் மனைவி நாற்காலியில் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கத் தொடங்கினாள். “இவருதான்மா நடக்குறாரு!”

அடுப்பை நான் ஆறு நாளுக்கு ஒரு முறை, இரவுச் சாப்பாட்டுக்குப் பின் துடைக்கிறேன். ஏழு நாள் விட்டால் எண்ணெய் இறுகிவிடும். அந்தத் தேதிகளும் எழுதப்பட்டிருக்கின்றன, ஆனால் வீட்டு வேலைக்கான நீல நோட்டில். இரண்டு நோட்டுகளையும் அவர் மேசைமேல் பக்கம் பக்கமாக வைத்தார். மூன்றாம் தேதி துடைத்தேன், நாலாம் தேதி விழுந்தது. ஒன்பதில் துடைத்தேன், பத்தில் விழுந்தது. அப்படியே கடைசி வரை.

“இருபத்தொண்ணுல தொடச்சிருக்கு. ஆனா இருபத்திரண்டுல விழலயே?”

“அன்னைக்கு இவருக்குக் காய்ச்சல். நான்தான் தொடச்சேன்” என்றாள் மனைவி. “நான் துணியப் பிழிவேன். இவரு குமிழயெல்லாம் உருவி வச்சுட்டு, அடுப்பையே குளிப்பாட்டுவாரு.”

மெயினை அணைத்துவிட்டு, வழக்கமாகச் செய்வது போலவே செய்யச் சொன்னார் வக்கீலம்மா. நான்கு குமிழ்களையும் உருவினேன். துணியை நனைத்தேன். மூன்று சுற்றுத் துடைத்தேன். என்னைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, குமிழ்களை மாட்டி, மெயினைப் போட்டு, முன் வலதைத் திருகினார். டப். வீடு இருண்டது.

“மாட்டுனான்!” என்று மூவரும் ஒரே குரலில் கத்தினோம். ஒரு வீட்டில் மின்சாரம் போனதற்கு இவ்வளவு மகிழ்ச்சி நான் கண்டதில்லை.

மீண்டும் மெயினை அணைத்து, முகப்புத் தகட்டைக் கழற்றி டார்ச் அடித்துக் காட்டினார். முன் வலது குமிழின் பின்னால் இருந்த ரப்பர் வளையம் வெடித்திருந்தது. உள்ளே சுவிட்ச் முனையில் ஒரு சொட்டுத் தண்ணீர். “தட்டுமேல பழி, பிரேக்கர்மேல பழி. ரெண்டும் நிரபராதி” என்றவர், “துணியும்தான்” என்று எனக்காக ஒரு வார்த்தை சேர்த்தார். சுவிட்சை உலர்த்தி, தன் டப்பாவிலிருந்து அளவு பார்த்துப் புது வளையம் போட்டார். வளையம் இருந்தாலும் இனி பிழிந்த துணிதான், குமிழை உருவக் கூடாது என்றார். அதை நீல நோட்டில் எழுதிக்கொண்டேன். தட்டில் வைத்த தண்ணீர் கொதித்தது. பிரேக்கர் அசையவில்லை.

கூடத்தில் என் மனைவி மகளிடம் தொலைபேசியில், “அந்தக் கண்ணாடிய உங்க வீட்லயே வச்சு முகம் பாத்துக்கடி” என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

வேலை முடிந்தது என்று நினைத்து, ஷூவுக்குள் இருந்ததை நினைவூட்ட நான் சமையலறைக்குத் திரும்பினேன். வக்கீலம்மா மெயினை அணைத்துவிட்டு, அடுப்பின் முன் கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றார். முதல் குமிழைத் திருகினார். உதடு ஆறு வரை எண்ணியது. இரண்டாவது, மூன்றாவது. முன் வலதில் நான்காவது டிக்கில் கை நின்றது. புது ரப்பரில் சத்தம் அமுங்கியிருக்க வேண்டும். கண்ணைத் திறந்து, குமிழை உருவி, வளையத்தின் ஓரத்தைக் கத்தியால் ஒரு நூலளவு சீவினார். திரும்ப மாட்டினார். மறுபடி கண்ணை மூடிக்கொண்டு, ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினார்.