கட்டுப்படியாகிற கல்யாணப் போட்டோக்காரர்

கல்யாண வீட்டில் பந்தல், மேளம், சமையல் எல்லாம் பேசி முடித்து, கை வறண்ட பிறகு தேடுகிற ஆள் போட்டோக்காரர்தான். மகளுக்கோ தங்கைக்கோ கல்யாணம் நடத்திய உங்களுக்கு அந்த அலைச்சல் தெரியாததா? ஐம்பதுகளின் கடைசியில் நான் திண்டிவனத்தில் சின்னதாக ஒரு ஸ்டுடியோ போட்டேன். விழுப்புரம் வரைக்கும் விசாரித்துச் சலித்தவர்கள் கடைசியாக என் படி ஏறுவார்கள். அவர்கள் பட்ட பதற்றத்தில் பாதியை நானும் பட்டிருக்கிறேன்.

ஒரே ஒரு படம்

ஒலக்கூர்ப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி வந்தார். அந்த வருஷம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, கைகொடுக்கவில்லை. மகளுக்குத் தாலி கட்டுகிற படம் ஒன்று மட்டும் போதும் என்றார். நானும் ஒரே ஒரு பிளாஷ் பல்பு கொண்டுபோனேன். அந்தப் பல்பு ஒரு தடவை எரிந்தால் தீர்ந்தது.

கெட்டிமேளம் முழங்கியது. பொத்தானில் விரல் வைத்த நேரம், அட்சதை போட எழுந்த ஒரு பெரியவர் கேமராவை மறைத்துக்கொண்டு நின்றுவிட்டார். அவர் விலகுவதற்குள் மூன்று முடிச்சும் விழுந்துவிட்டது. கட்டுவதுபோல மறுபடி கையை வைக்கும்படி மாப்பிள்ளையிடம் சொன்னேன். “தாலிய ரெண்டாந்தரம் கட்டச் சொல்றியா?” என்று மாப்பிள்ளையின் அம்மா என்மேல் பாய்ந்தார். அதுவரை தலை குனிந்திருந்த பெண் நிமிர்ந்தாள்:

“அவரு கழுத்தாண்ட என் முடிய ஒதுக்கி உடட்டும் அத்தை, அதுல இன்னா தப்பு? ஜல்தி எடுங்கண்ணே!”

வெளிச்சம் வந்தால் போதும்

விழுப்புரத்திலிருந்து ஒருவர் மூச்சிரைக்க வந்தார். மறுநாள் காலை தங்கைக்கு முகூர்த்தம். பேசி வைத்திருந்த போட்டோக்காரர் பெரிய இடத்துக் கல்யாணத்துக்குப் போய்விட்டார். போட்டோ எடுக்க ஆள் இல்லாவிட்டால் மாப்பிள்ளை மணையில் உட்காரமாட்டார் என்று சம்பந்தி சொல்லிவிட்டாராம். அப்போது பிலிம் தட்டுப்பாடு. மெட்ராஸிலிருந்து எனக்கு வரவேண்டிய பார்சல் வரவில்லை. கையை விரித்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “பேஜாரு பண்ணாதீங்க சார். படம் வேணாம், வெளிச்சம் வந்தா போதும்” என்றார்.

வெறும் கேமராவோடு போனேன். பல்பு பளிச்சிடும் போதெல்லாம் சம்பந்தி மீசையைத் தடவிக்கொண்டு என் பக்கமே பார்த்தார். எந்த நிமிஷம் கேமராவைத் திறந்து காட்டச் சொல்வாரோ என்று கூட்டத்தின் மறுபக்கம் நகர்ந்துகொண்டேன். நல்லவேளை, தாலி ஏறியது.

பிலிம் வந்த அன்றே அண்ணனுக்குச் சொல்லியனுப்பினேன். தங்கையும் மாப்பிள்ளையும் கல்யாணத் துணி உடுத்திக்கொண்டு ஸ்டுடியோவுக்கு வந்தார்கள். நடந்ததை மாப்பிள்ளையிடம் எப்படிச் சொல்வது என்று நான் விழித்துக்கொண்டிருக்க, அவர் தாழ்ந்த குரலில் சொன்னார்:

“அவ எல்லாத்தையும் சொல்லிட்டா சார். எங்கப்பாவுக்கு மட்டும் தெரிய வேணாம்.”

நடுவில் ஒருவர்

கிளியனூர்ப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம் ஒன்று. மாப்பிள்ளையின் தகப்பனார் புதுச்சேரியில் ஆஸ்பத்திரியின் தொற்றுநோய் வார்டில் கிடந்தார். பிழைப்பது கடினம் என்று சொல்லிவிட்டார்கள். மணமக்களை உள்ளே விடமாட்டார்கள். படத்தையாவது அன்றைக்கே அவர் கண்ணில் காட்டவேண்டும் என்று மகன் அழாத குறையாகக் கேட்டார்.

பூசை முடிந்ததும் மாதா கோயில் வாசல் வெயிலில் இருவரையும் நிறுத்தி எடுத்தேன். திண்டிவனத்துக்கு ஓடிவந்து கழுவி, பிரிண்ட் போட்டு, ஈரம் காயாத படத்தோடு புதுச்சேரி பஸ் ஏறினேன். பஸ் நின்ற ஒவ்வோர் இடத்திலும் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. வார்டு வாசலில் நர்ஸ் படத்தை வாங்கிக்கொண்டு போனார். வெகுநேரம் கழித்துத் திரும்பி வந்து, “நெஞ்சுமேல வெச்சிக்கினு தூங்கறாருங்க” என்றார். அது என்ன தூக்கமோ என்ற பயத்தோடுதான் ஊர் திரும்பினேன்.

சில மாதம் கழித்து ஒருநாள், மகனும் மருமகளும் ஆளுக்கொரு பக்கம் தாங்கிப் பிடிக்க, மெலிந்துபோன ஒருவர் என் ஸ்டுடியோவுக்குள் வந்தார். யாரென்று நான் யோசிப்பதற்குள் அவரே ஆரம்பித்தார்:

“அன்னிக்கி என்னை உட்டுட்டு எடுத்துட்டியே, இப்ப நடுவுல நிக்கறேன், எடு!”

சுற்றுவட்டாரத்தில் கட்டுப்படியாகிற போட்டோக்காரன் நான் ஒருவன்தான் என்பதால், என் சொந்தக் கல்யாணத்துக்கு மட்டும் படம் எடுக்கக் கடைசிவரை யாரும் கிடைக்கவில்லை.