கடைசி பெஞ்சுக்கு வராத சமாதானம்

தையற்காரம்மா வெட்டினால் ஒரே வெட்டு, பேசினாலும் அப்படித்தான். அவள் போகும் கிறிஸ்தவ சபையில் எல்லாருக்கும் அவள் கத்தரி மேல் மரியாதை, வாய் மேல் பயம். அவளுடைய ஓரகத்தி தெருமுனையில் இஸ்திரி போடுகிறவள். அப்பமும் ரசமும் வைக்கிற திருவிருந்து மேசைக்கென்று தையற்காரம்மா பார்த்துப் பார்த்துத் தைத்த வெள்ளைத் துணியை அவள் தேய்த்தபோது ஒரு மூலை கருகிப்போயிற்று. தெரியாமல் நடந்துவிட்டது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். அவளோ, "மடிப்பை இவ்வளவு மொத்தமா தைச்சா சூடு அங்கதான நிக்கும்" என்று நாலு பேர் நடுவில் சொல்லிவிட்டாள். அன்றோடு பேச்சு நின்றது.

பேச்சு நின்றால் நிற்கட்டும். சமாதானமும் நின்றதே, அதுதான் வினை.

அந்தச் சபையில் ஒரு வழக்கம். திருவிருந்துக்கு முன் போதகர் முதல் பெஞ்சுக்காரருக்குக் கை கொடுத்து, "சமாதானம் உண்டாவதாக" என்பார். அது கைக்குக் கை மாறி, பெஞ்சின் ஓரத்தில் திரும்பி, பின் பெஞ்சுக்குப் போகும். கடைசிக்கு முந்தின பெஞ்சில் தையற்காரம்மாவுக்கு ஓர இடம், பக்கத்தில் ஓரகத்தி. இடத்தை விட்டு எழுந்து போக இரண்டு பேருக்கும் மானம் இடம் கொடுக்கவில்லை. ஓரகத்தி கை நீட்டும் நேரம் பார்த்து இவளுக்கு மூக்குக்கண்ணாடி காணாமல் போகும். குனிந்து பையைக் குடைவாள். கண்ணாடி மூக்கின் மேலேயே இருக்கும். கொஞ்ச நாளில் ஓரகத்தியும் கை நீட்டுவதை விட்டுவிட்டாள்.

ஒருநாள் பூட்டு ரிப்பேர்க்காரர் கிழிந்த சட்டையோடு கடைக்கு வந்தார். கடைசி பெஞ்சு அவருடையது. மனைவி போனபிறகு தனிக்கட்டை.

"சட்டையை அடுத்த வாரம் வாங்கிக்கறீங்களா?"

"இந்த வாரமே குடும்மா. வேற சபைக்குப் போலாம்னு இருக்கேன்."

"ஏன், எங்களுக்கு என்ன குறைச்சல்?"

"வாரம் பூரா என் கையில படறது இரும்புதான். ஞாயித்துக்கிழமை ஒரு மனுஷக் கை வரும். இப்ப அதுவும் உன்னோட நின்னுடுது. நீங்க நல்லா சண்டை போடுங்க, நான் குறுக்க வரல. எனக்கு வர்றதை மட்டும் அனுப்பி விட்டுடுங்க."

தையற்காரம்மாவுக்கு முகம் கடுத்தது. "அதுக்கென்ன, நானே திரும்பிக் குடுத்துட்டாப் போச்சு."

"நீ வாங்கவே இல்லியேம்மா. வாங்காததை எங்கேருந்து குடுப்ப?"

அவர் போன பிறகும் தையல் ஓடவில்லை. ஊசி இரண்டு தரம் ஒடிந்தது. அவர் மேல்தான் கோபம் என்று நினைத்துக்கொண்டாள். இல்லை என்று அவளுக்கே தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை சமாதானம் கைமாறி வந்தது. ஓரகத்தி வாங்கி மடியில் வைத்துக்கொண்டு சிலுவையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். தையற்காரம்மா கை நீட்டினாள்.

"குடுடி."

"என்னத்த?"

"உன் கையில இருக்கறதத்தான். பின்னாடி ஆள் காத்திருக்காரு."

கை வந்தது. இஸ்திரிப் பெட்டிச் சூட்டில் காய்த்த கை. விட மனமில்லாமல் ஒரு கணம் பிடித்திருந்துவிட்டு, தையற்காரம்மா திரும்பினாள். பூட்டுக்காரர் எழுந்து நின்று, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

வாசலில் ஓரகத்தி முணுமுணுத்தாள். "அன்னிக்குப் பெட்டி கொஞ்சம் சூடுதான்க்கா."

"கொஞ்சமா?"

"சரி, ரொம்ப."

"சாயங்காலம் துணியை எடுத்துட்டு வா, மூலையில ஒட்டுப் போட்டுடலாம். ஆனா நீ தேய்க்கறப்ப நான் பக்கத்துலதான் நிப்பேன், சொல்லிட்டேன்."