மாமனார் வீட்டு டேப்

அஸ்கர் அலிக்கு மோட்டார் என்றால் உயிர். கும்மிடிப்பூண்டியில் ஒரு ரோலிங் மில்லில் எலக்ட்ரீஷியன். எவ்வளவு பெரிய மோட்டார் மக்கர் பண்ணினாலும் காதை வைத்துக் கேட்டே கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவான். மில்லில் அவனுக்கு நல்ல பேர். அந்தப் பேர் பழவேற்காட்டில் மாமனார் வீட்டு வாசலைத் தாண்டவில்லை என்பதுதான் அவனை உறுத்தியது.

மாமனார் அசன் முகைதீன் கருவாட்டு வியாபாரி. கல்யாணமான புதிதில் மருமகனைக் கடையில் வந்து உட்காரச் சொன்னார். அவன் மில் வேலையை விடமாட்டேன் என்றுவிட்டான். அவ்வளவுதான், மனிதர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆறு வருஷமாக, வந்தால் "வா", கிளம்பினால் "சரி". அதற்குமேல் பேச்சே கிடையாது.

"வாப்பா கொணம் அப்படி. நீங்க இன்னாத்துக்கு மனசுல போட்டுக்கினு இருக்கீங்க?" என்பாள் மனைவி ஷமீமா. அவளுக்கென்ன, சொல்லிவிடுவாள். அவனுக்கல்லவா வலிக்கிறது!

2005 நோன்புப் பெருநாளுக்குப் போனபோது பரண்மேல் அந்த டேப்பைப் பார்த்தான். கைப்பிடி வைத்த சின்ன டேப். மாமா வியாபாரத்துக்கு ஊர் ஊராகப் போன காலத்தில் கூடவே தூக்கிக்கொண்டு திரிந்தது; நின்றுபோய் நாலைந்து வருஷம் ஆகிறது. தெருப் பையன்கள் ஒரே சிடியில் நூறு பாட்டை அடைத்துக் கேட்கிறார்கள். மாமாவோ ஒரு கேசட்டைக்கூடத் தூக்கிப்போட மனசில்லாமல் வைத்திருந்தார். மாமியார் பீவி ஜானிடம் மட்டும் சொல்லிவிட்டு, டேப்பையும் ஒரு கேசட்டையும் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டான்.

திறந்தால், உள்ளேயிருந்த ரப்பர் பெல்ட் உருகித் தார் மாதிரி சக்கரமெங்கும் அப்பியிருந்தது. ஸ்பிரிட் தொட்டுத் தொட்டுச் சுரண்டினான். புது பெல்ட்டுக்காகச் சென்னை ரிச்சி தெருவில் கடை கடையாக ஏறி இறங்கினான். நாடா உரசும் ஹெட்டைப் பஞ்சால் துடைத்தான். அதோடு விட்டானா? மில் நண்பன் மோசஸ் வீட்டிலிருந்த நல்ல டேப்பில் அதே கேசட்டைப் போட்டுக் கேட்டு, அச்சாக அதே வேகம் வருகிறவரை மோட்டாரைத் திருகினான். பாட்டு கிளம்பியதும் ஷமீமா கரண்டியோடு ஓடிவந்தாள். கேசட்டின் இரண்டு பக்கத்தையும் உட்கார்ந்து கேட்டார்கள். அடுப்பில் சோறு குழைந்தது.

"பாட்டு புச்சா கேக்குதுங்க" என்றாள். அவன் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டான்.

ஹஜ்ஜுப் பெருநாளன்று மாமா முன்னால் டேப்பை வைத்துப் பட்டனை அழுத்தினான். பழைய சினிமாச் சோகப் பாட்டு. மாமா ஆசையாகக் கண்ணை மூடினார். உடனே திறந்தார்.

"இன்னாத்த பண்ணி வெச்ச? இவன் இன்னா, பஸ்ஸு பின்னால ஓடிக்கினே அழுவுறான்?"

வீடே கொல்லென்று சிரித்தது. அஸ்கருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மாமா, இதான் சரியான ஸ்பீடு. பழைய பெல்ட்டு தளந்துபோயி மெதுவா ஓடிக்கினு இருந்துச்சி."

"இருவது வருஷமா கேட்டவன் நானா, நீயா?"

பாவி மனிதர், ஒரு நல்ல வார்த்தை சொன்னால் குறைந்தா போய்விடுவார்! ஆனால் நிமிர்ந்து பார்த்தால், கிழவர் முகம் வாடிக் கிடந்தது. அதைப் பார்த்ததும் கோபம் இறங்கிவிட்டது. மூடியைக் கழற்றினான். மோட்டாரின் பின்னாலிருந்த சின்னத் துளையில் திருப்புளியை வைத்து, வேண்டுமென்றே தப்பாகத் திருகினான்.

"இப்ப?"

"இன்னும் கொஞ்சம்."

பாடகர் ஓட்டத்தை விட்டு நடைக்கு வந்தார்.

"இன்னும்."

பாடகர் உட்கார்ந்தேவிட்டார். குரல் கனத்து, சோகம் சொட்டியது.

"நிறுத்து! இதான் மாப்ளே, இதான்!"

மாமா கண்ணில் தண்ணீர். பாட்டு முடிகிறவரை யாரையும் மூச்சுவிட விடவில்லை. கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று ஷமீமா பையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

"பஸ்ஸு நாளைக்கும் வரும், உள்ள போ" என்று மகளை விரட்டிவிட்டு, மருமகனுக்குப் பக்கத்தில் இடம் காட்டினார். "ஒக்காரு. தெனமும் அந்த மில்லுல நீ இன்னாதான் பண்ற? வெவரமா சொல்லு, கேப்போம்."

இத்தனை வருஷம் காத்திருந்தவனுக்கு இப்போது எங்கே ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை. திருப்புளியைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு உட்கார்ந்தான்.

"பெரிய மோட்டாருலேருந்து சொல்லவா மாமா, சின்னதுலேருந்தா?"