கேட்காமல் வைத்த பில்

ஜூஜுவாடி ஓட்டலில் நான் சப்ளையராக இருந்தபோது, பக்கத்துத் தொழிற்சாலைக்கு மிஷின் பூட்ட வந்த பிரெஞ்சுக்காரர் ஒருவர் தினமும் மதியம் சாப்பிட வருவார். ஒல்லியான உடம்பு, நரைத்த தாடி. என் முகத்தைப் பார்த்து வணக்கம் சொன்ன பிறகுதான் சாப்பாடு கேட்பார். வேறு யாரும் எங்களுக்கு வணக்கம் சொன்னதில்லை. சாப்பிட்டதும் பில்லை அவரே கேட்டு வாங்குவார்.

ஒருநாள் சாப்பிட்டு முடித்தும் அவர் எழுந்திருக்கவில்லை. நாற்காலிக்குப் பின்னால் ஆட்கள் காத்து நின்றார்கள். நானே பில்லைக் கொண்டுபோய் வைத்தேன். அவர் சட்டென்று எழுந்து, "சாரி" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

கூட வந்த டிரைவர் பணத்தைக் கொடுத்தபடி, "அவங்க ஊர்ல கேக்காம பில்லு வெக்க மாட்டாங்கண்ணா. வெச்சா எந்திரிச்சுப் போன்னு அர்த்தமாம்" என்றார்.

"இங்க எல்லாருக்கும் அப்படித்தானப்பா வெக்கிறோம்?"

"இன்னிக்கு அங்க அவரு அம்மாவ அடக்கம் பண்றாங்க. வேலைய வுட்டுட்டுப் போக முடியல. ரூம்ல தனியா இருக்க முடியாமத்தான் இங்க உக்காந்திருந்தாரு."

ஒரு காபியை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினேன். லாரிப் புழுதியில் நின்றிருந்தார். "உள்ள வந்து உக்காருங்க சார்" என்று கையைக் காட்டிக் கூப்பிட்டேன். அவர் இடத்தில் அதற்குள் வேறொருவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வாசலிலிருந்தே அதைப் பார்த்த பிரெஞ்சுக்காரர் வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு, காபியை நின்றபடியே குடித்தார்.

மறுநாள் முதல் அவர் வரவில்லை. ஊருக்குப் போய்விட்டார் என்றுதான் நினைத்துக்கொள்கிறேன். வேறு ஓட்டலுக்குப் போயிருப்பார் என்று நினைக்க மனம் வரவில்லை.