மண்டபத்து வாசலில் நின்றவர்

ஆரணியில் ஒரு கல்யாண மண்டபத்தில் மருந்துக் கம்பெனி ஒன்று ஆள் எடுப்பதாகக் கேள்விப்பட்டு, பார்மசி படித்து முடித்த கையோடு நானும் போனேன். வாசலில் ஒருவர் நின்றிருந்தார். நாற்பது வயதிருக்கும். மடிப்புக் கலையாத சட்டை. பேசும்போது பேனா மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டினார்.

"இந்தக் கம்பெனி மாத்திரை கவர்மென்ட் டெஸ்ட்ல ஃபெயிலாகி பேர் கெட்டுப்போச்சு, தெரியுமாம்மா? அங்க வேல செஞ்சவன்னு தெரிஞ்சாலே வேற எவனும் சேத்துக்க மாட்றான். மூணு வருஷமா அலையறேன்."

"அதுக்கு முன்னாடி கம்பெனியில டெஸ்ட் பண்ணது யாருங்க?"

"நான்தான். நல்லாருக்குன்னு கையெழுத்துப் போடச் சொன்னான் மேனேஜர். போட்டேன். அப்பறம் பழிய என் தலையில கட்டி வெளிய அனுப்பிட்டான். உள்ள குந்திகினு இருக்கிறது அவன்தான். எந்த ஊர்ல ஆள் எடுத்தாலும் நான் வந்து நிப்பேன்."

நான் உள்ளே போகவில்லை. வந்தவர்களும் அவர் சொன்னதைக் கேட்டு ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். மதியம் மேனேஜர் வெளியே வந்தார்.

"இன்னிக்கு எத்தினி பேர் சார் வந்தாங்க?" என்று இவர் தெருவே கேட்கும்படி கத்தினார்.

மேனேஜர் தலையைக் குனிந்துகொண்டு காரில் ஏறினார். இவர் சிரித்தார்.

அவ்வளவு வன்மமான சிரிப்பை நான் அதற்குமுன் கண்டதில்லை. ஆனால் அன்று என்னைக் காப்பாற்றியது அந்த வன்மம்தான். அதனால் இன்றும் அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.