ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்த விசில்

புது ஸ்பீக்கர் மாட்டிய பிறகுதான் காரில் அந்தச் சத்தம் ஆரம்பித்தது. பாட்டுக்கு நடுவே மெல்லிய விசில். சட்டென்று வரும், நின்றுவிடும். மாட்டிக் கொடுத்த தேனிக் கடைக்காரர் எர்த் வயரை மாற்றிப் பார்த்தார். வண்டியை எடுத்துக்கொண்டு ஒரு சுற்றுப் போய் வந்தார். "எனக்கு ஒண்ணும் கேக்கலையேக்கா" என்றார்.

"அப்ப நான் பொய்யா சொல்றேன்?" என்று அங்கே நின்றவர்கள் திரும்பிப் பார்க்கும்படி கேட்டுவிட்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கணவரையும் மாமனாரையும் ஏற்றிக்கொண்டு போடிக்குப் போவேன். மாமா அங்கே மளிகைக் கடை வைத்திருந்தவர். கடையை விட்டுவிட்டு எங்களோடு தேனிக்கு வந்த பிறகும் அந்த ஊர் சர்ச்சுக்குப் போவதை விடவில்லை. பிரசங்கம் கேட்கவில்லை என்று அவராகவே சொல்லி, அப்போதுதான் காது மிஷின் மாட்டத் தொடங்கியிருந்தார்.

ஒரு ஞாயிறு, தேனியைத் தாண்டியதும் வழக்கம்போல விசில் வந்தது. "இந்தச் சனியனை மொதல்ல பிடுங்கி எறியணும்" என்றேன். வாராவாரம் சொல்வதுதான்.

"இன்னைக்குக் கண்டுபிடிச்சிருவோம்" என்று கணவர் போன் சார்ஜரைக் கழற்றினார். சத்தம் நிற்கவில்லை. பாட்டுச் செட்டை அணைத்தார். அப்போதும் நிற்கவில்லை. "ஓரமா நிப்பாட்டு. இஞ்சினையும் ஆஃப் பண்ணு."

தென்னந்தோப்பை ஒட்டி நிறுத்தினேன். வண்டியில் எதுவுமே ஓடவில்லை. விசில் மட்டும் கேட்டது. இருவரும் பின்னால் திரும்பினோம். மிஷின் மாட்டிய காது சீட்டில் அழுந்த, தலையைச் சாய்த்துத் தோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார் மாமா.

"என்னத்தா, ஏன் நிப்பாட்டிட்ட?" அவர் தலையை நிமிர்த்தியதும் சத்தம் நின்றது.

"அப்பா, சத்தம் ஒங்க காது மிஷின்லருந்துதான் வருது" என்றார் கணவர்.

மாமாவின் கை காதுக்குப் போனது. "எனக்கு அது கேக்கலையேப்பா" என்றவர் என்னைப் பார்த்தார். இத்தனை வாரமாக எதைப் பிடுங்கி எறியச் சொன்னேன் என்று அவர் யோசிப்பது முகத்தில் தெரிந்தது.

"ஸ்பீக்கரைத்தான் மாமா சொன்னேன்."

"தெரியும்த்தா." மிஷினைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

சர்ச்சிலும் அதை மாட்டவில்லை. ஜெபத்துக்கு எல்லோரும் எழுந்தபின், பக்கத்திலிருந்தவரைப் பார்த்துவிட்டு அவசரமாக எழுந்தார். பெண்கள் பக்கத்திலிருந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிரசங்கத்தில் ஒரு வார்த்தைகூட என் காதில் ஏறவில்லை.

மறுநாள் லீவு போட்டு, மிஷின் வாங்கிய இடத்துக்கு அவரை அழைத்துப் போனேன். காதுக்குள் வைக்கும் முனை தளர்வாக இருக்கிறதென்று வேறு மாற்றிக் கொடுத்தார்கள். விசில் போய்விட்டது. திரும்பும் வழியில் ஸ்பீக்கர் கடையில் இறங்கி, கடைக்காரரிடம் நடந்ததைச் சொன்னேன். கோபமாக ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். "பெரியவுகளுக்குச் சரியாயிருச்சாக்கா?" என்று மட்டும் கேட்டார்.

மாமா இப்போது வீட்டிலும் சர்ச்சிலும் மிஷின் மாட்டிக்கொள்கிறார். என் காரில் ஏறும்போது மட்டும் கழற்றிவிடுகிறார். "இனிமே சத்தம் வராது மாமா, மாட்டிக்கங்க" என்று சொல்லிப் பார்க்கிறேன். என் வாயசைவைப் பார்த்துத் தலையாட்டுவார், மாட்டமாட்டார். போடி வரைக்கும் பாட்டுப் போடாமலே ஓட்டுகிறேன்.