அண்ணாச்சியின் புது நம்பர்

மும்பையில் எங்கள் செம்பூர் அலுவலகத்தில் கிளை மேலாளரின் பெயர் பாதிப் பேருக்குத் தெரியாது. தாராவியில் பிறந்து வளர்ந்த திருநெல்வேலிக் குடும்பத்து மனிதர் அவர். தமிழ்ப் பிள்ளைகள் அண்ணாச்சி என்றார்கள். அதைக் கேட்ட மராத்திக்காரர்கள் அதுதான் பெயர் என்று நினைத்து 'அண்ணாச்சி சார்' ஆக்கிவிட்டார்கள். எல்லோர் ஃபோனிலும் அவர் அப்படித்தான் பதிவாகியிருந்தார். அவரைவிட இரண்டு வயது மூத்தவளான நானும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன்.

மருத்துவக் காப்பீட்டுக் கோரிக்கைகளைச் சரிபார்ப்பது எங்கள் வேலை. யாருக்கு என்ன நோய், எந்த ஆஸ்பத்திரி, வீட்டு ஃபோன் நம்பர் என்ன என்பதெல்லாம் எங்கள் கம்ப்யூட்டரில் இருக்கும். நான் நிர்வாகப் பிரிவு. தகவல் பாதுகாப்பையும் சேர்த்து என் தலையில் கட்டியிருந்தார்கள். வாட்ஸப்பில் அலுவலக ஃபைல் அனுப்பக் கூடாது, தெரியாத நம்பரிலிருந்து யார் என்ன கேட்டாலும் பழைய நம்பரில் கூப்பிட்டுக் குரலைக் கேட்ட பிறகுதான் கொடுக்க வேண்டும் என்று அவ்வப்போது வகுப்பு எடுப்பேன். பிள்ளைகள் கொட்டாவி விட்டுக்கொண்டே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மூக்குக்கு மேல் கோபம் என்று என் வீட்டிலும் எனக்குப் பெயர் உண்டு.

ஒரு நாள் காலை நவி மும்பைப் பக்கம் கோபர்கைரனேயிலிருந்து ஒரு பெரியவர் ஃபோன் செய்தார். அவர் மனைவிக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் ஆகியிருந்தது. எங்கள் அலுவலகத்திலிருந்து பேசுவதாக யாரோ கூப்பிட்டு, ஆபரேஷன் நடந்த தேதி வரை சொல்லி, ஃபோனுக்கு வந்த ஓடிபியைக் கேட்டிருக்கிறான். பெரியவர் உஷாரானவர், கொடுக்கவில்லை. ஆனால் "என் சொந்த மருமகளுக்கே இது தெரியாது, அவனுக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டார். விசாரித்துச் சொல்கிறேன் என்று அவர் நம்பரைக் குறித்துக்கொண்டேன். மதியத்துக்குள் அதே மாதிரி இன்னும் சிலர் கூப்பிட்டுவிட்டார்கள்.

தகவல் எங்கிருந்து வெளியே போனது என்று தேட அதிக நேரம் ஆகவில்லை. அண்ணாச்சியே சொல்லிவிட்டார். நான்கு நாளைக்கு முன்னால் எங்கள் அலுவலகப் பெண் ஒருத்தி, "நீங்க கேட்ட லிஸ்ட் வந்துச்சா அண்ணாச்சி?" என்று அவரிடம் கேட்டிருக்கிறாள். ஏதோ வேறு லிஸ்ட் என்று நினைத்து அவரும் தலையாட்டியிருக்கிறார். இப்போது யோசித்துப் பார்த்தால் அவர் எதையும் கேட்கவே இல்லை.

அந்தப் பெண்ணுக்கு இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். வீடு தாராவியில், அண்ணாச்சியின் பழைய வீட்டுக்கு இரண்டு சந்து தள்ளி. நல்ல வேலைக்காரி. அவள் ஃபோனை வாங்கிப் பார்த்தேன். புது நம்பர், ஆனால் முகப்புப் படத்தில் அண்ணாச்சி கேக் வெட்டிக்கொண்டிருந்தார். அவருடைய பிறந்தநாளுக்கு எங்கள் அலுவலகப் பிள்ளைகள் ஃபேஸ்புக்கில் 'ஹேப்பி பர்த்டே அண்ணாச்சி' என்று ஊருக்கெல்லாம் தெரியும்படி போட்ட அதே படம். கீழே ஆங்கில எழுத்தில் தமிழ்: "அண்ணாச்சி பேசுறேன். இது புது நம்பர். மீட்டிங்ல இருக்கேன், கூப்பிடாத. இந்த மாச லிஸ்ட உடனே அனுப்பு." அவளுடைய பதில்: "சரி அண்ணாச்சி." அடுத்தது ஃபைல், அந்த மாதம் கோரிக்கை அனுப்பிய எல்லோருடைய விவரமும்.

அவருடைய நிஜப் பெயரைப் போட்டு எழுதியிருந்தாலாவது அவளுக்குச் சந்தேகம் வந்திருக்கும். அண்ணாச்சி என்றால் எங்களுக்கு ஒரே ஆள்தான்.

தலைமை அலுவலகம் மறுநாளே விசாரணை வைத்தது. அதற்கு முன் நான் ஒரு படிவம் நிரப்பி அனுப்ப வேண்டும். அதில் 'காரணம்' என்று ஒரு கட்டம். 'ஊழியரின் அலட்சியம். வகுப்பில் கலந்துகொண்டதற்குக் கையெழுத்து உள்ளது' என்று எழுதினேன். உண்மையைச் சொல்கிறேன், எழுதும்போது எனக்கு நிம்மதியாக இருந்தது. என் கடமையை நான் செய்திருந்தேன், அதற்குக் காகிதம் இருந்தது. அந்த ஒரு வரியால் அவள் வேலை போகும் என்பதும், தகவலை வெளியே விட்டவள் என்று பெயர் வாங்கினால் இந்தத் தொழிலில் வேறு எவனும் அவளை எடுக்க மாட்டான் என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதினேன்.

படிவத்தில் அவளுடைய கையெழுத்தும் வேண்டும். சின்ன மீட்டிங் அறைக்குக் கூப்பிட்டேன். அழுது முகம் வீங்கியிருந்தது.

"பழைய நம்பர்ல ஒரு தடவை கூப்பிட்டுப் பார்க்கறதுக்கு என்னம்மா? வகுப்புல படிச்சுப் படிச்சுச் சொன்னேனே?"

அவள் துப்பட்டாவால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"வாயைத் திறந்து சொல்லேன். காதுல விழலையா, இல்லை, இவ என்ன சொல்றது நாம என்ன கேக்கறதுன்னு இருந்துட்டியா?"

"கேட்டேன் மேடம். போன தடவ நீங்க சொன்ன மாதிரியேதான் செஞ்சேன்."

"எந்தத் தடவை?"

"உங்க மக ஃபோன்லேருந்து மெசேஜ் போட்டியள்லா, அன்னைக்கு."

எனக்கு உடனே நினைவு வரவில்லை. அவளே சொன்னாள். இரண்டு மாதத்துக்கு முன் குர்லாவில் ரயில் மாறும்போது என் ஃபோன் உயிரை விட்டுவிட்டது. கூட வந்த மகளின் ஃபோனை வாங்கி, என் மேஜை டிராயரில் இருக்கும் காகிதத்தை உடனே படம் எடுத்து அனுப்பச் சொல்லி இவளுக்கு எழுதினேன். இவள் என் சொந்த நம்பரில் கூப்பிட்டிருக்கிறாள். அது அணைந்து கிடந்தது. பிறகு மகளின் நம்பருக்கே கூப்பிட்டு, "மேடம், நீங்கதானா?" என்று கேட்டாள்.

"நீங்க என்னைய ஏசினிய மேடம்," என்றாள். "என் மேல நம்பிக்கை இல்லையா, நீ என்ன போலீஸான்னு கேட்டிய. மறுநா காலையில எல்லாரும் நிக்கப்ப, இந்தம்மா எங்கிட்டயே ஐடி கார்டு கேப்பான்னு சொன்னிய. எல்லாரும் சிரிச்சாவ. உங்ககிட்ட கேட்டதுக்கே அப்படி. அண்ணாச்சி எங்கப்பாவ விடப் பெரியவுக. கூப்பிடாதன்னு வேற சொல்லியிருக்காவ. அவுகளப் போயி நீங்கதானான்னு எப்படிக் கேக்க?"

அவள் குற்றம் சாட்டவில்லை. நான் கேட்டேன், அவள் சொன்னாள், அவ்வளவுதான். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. எனக்கு அந்தக் காலை ஒரு வேடிக்கையாக மட்டுமே நினைவில் இருந்தது. நானும் சிரித்தேன், எல்லோரும் சிரித்தார்கள், இவளும் சிரித்தாள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். என் வகுப்பில் உட்கார்ந்தவர்களில் நான் சொன்னதை அப்படியே செய்தவள் இவள் ஒருத்திதான். செய்ததற்கு நான் கொடுத்த பரிசு அது.

"கையெழுத்து எங்க மேடம் போடணும்?" என்று கேட்டாள்.

"இப்ப வேண்டாம். நீ போய் முகத்தைக் கழுவிட்டு வா," என்றேன்.

அந்தக் கட்டத்தில் எழுதியதை அழித்தேன். நான் அவளைத் திட்டியதை எழுதாமலும் விட்டுவிடலாம். அவள் யாரிடமும் சொல்லப் போவதில்லை. இந்த வேலையில் நான் சேர்ந்து பத்தொன்பது வருடம். என் ஃபைலில் ஒரு கறுப்புப் புள்ளி கிடையாது, அதில் எனக்குக் கர்வமும் உண்டு. அண்ணாச்சி எட்டிப் பார்த்து, "என்ன எழுதியிருக்கிய?" என்று கேட்டார். நடந்ததை எல்லாம் சொன்னேன். அவர் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார்.

"நம்ம பிள்ளையளுக்குப் பெரியவுகள மறுத்துக் கேக்கத் தெரியாது," என்றார். "நாமதான அப்படி வளத்தோம். எழுதுங்க. எம் பேரையும் சேத்து எழுதுங்க. லிஸ்ட் வந்துச்சான்னு கேட்டப்ப எந்த லிஸ்டுன்னு கேக்காம தலையாட்டுன ஆளு நான்."

விசாரணை திரையில் நடந்தது. தலைமை அலுவலகத்திலிருந்து ஒருவர், எச்.ஆரிலிருந்து ஒரு மராத்திப் பெண்மணி. அண்ணாச்சி தலையாட்டியதையும் சேர்த்து நான் எழுதியதை ஆங்கிலத்தில் வாசித்தேன். இந்த ஊழியர் விதிப்படி ஒரு முறை கூப்பிட்டுச் சரிபார்த்தார், அதற்காக நான் அவரைத் திட்டி எல்லோர் முன்னாலும் கேலி செய்தேன், அதனால் மறுமுறை கூப்பிடப் பயந்தார் என்று இருந்ததில் ஒரு வரியையும் விடவில்லை. தலைமை அலுவலகத்துக்காரர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, இது பதிவில் இருந்தே ஆக வேண்டுமா என்று கேட்டார். எனக்கு உபகாரம் செய்வதாக நினைத்தார். இருக்கட்டும் என்றேன்.

அவளை எச்சரிக்கைக் கடிதத்தோடு விட்டுவிட்டார்கள். வேலை நிலைத்தது. எனக்கும் ஒரு கடிதம் வந்தது, பாதுகாப்புப் பொறுப்பு வேறொருவருக்குப் போனது. வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். பட்டியலில் இருந்த ஒவ்வொருவருக்கும் ஃபோன் செய்து மன்னிப்புக் கேட்டு எச்சரிக்கிற வேலை எங்கள் மூவருக்கும் வந்தது. கோபர்கைரனே பெரியவரிடம் அண்ணாச்சி பேசினார். பெரியவர் ஒரு மூச்சு திட்டித் தீர்த்தார். அண்ணாச்சி கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது, அன்றைக்குச் சிரித்தவர்கள் எல்லோரும் இருக்கும்போதே எழுந்து நின்று, "உன்னை அப்படிப் பேசினது தப்பு, மன்னிச்சுக்கோ," என்றேன். எனக்குப் பழக்கமில்லாத காரியம். அவள் நன்றி சொல்லவும் இல்லை, பரவாயில்லை என்று சொல்லவும் இல்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டே, "இனிமே உங்க நம்பர் மாறி வந்தா நான் கூப்பிடலாமா மேடம்? ஏச மாட்டியளா?" என்று கேட்டாள்.

அதில் கிண்டல் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் நெரிசலில், அவசரத்தில், ஃபோன் அணைந்து நிற்கும்போது நான் எப்படி இருப்பேன் என்று எனக்குத் தெரியாதா?

"ஏசினாலும் கூப்பிடு," என்றேன்.